அம்மா என்ன நிறம்?

1

இந்தப் பங்குனியோடு அம்மா போய்ப் பத்து வருடம் ஆகிறது. ஆரணியில் தங்கை தனம் படையல் போட்டிருப்பாள். இங்கே, ஜெர்மனியின் வடக்கு மூலையில், பங்குனி என்றால் இன்னும் கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியாத மாதம். செல்வி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வடை சுட்டாள். எண்ணெய் வாசனை படிக்கட்டில் இறங்கினால் கீழ்வீட்டுக் கிழவர் மணியடிப்பார். செல்வி என் மனைவி, போளூர்க்காரி. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள்.

எங்கள் மகள் மீனாவுக்கு ஆறு வயது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்காக ஒரு படம் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேர் கைகோத்து நிற்கிறோம். மூன்று பேரும் பன்றிக்குட்டி போல ரோஸ் நிறம்.

"இன்னாம்மா கலர் இது?"

"ஹவுட்ஃபார்பெ" என்றாள். தோல் நிறம் என்று அர்த்தம். பென்சிலின் மேலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

என் கையை அவள் முன்னால் நீட்டினேன். "நம்ம தோலு இப்பிடியா கீது?"

குழந்தை என் கையைப் பார்த்தாள், பென்சிலைப் பார்த்தாள். நான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டதாக நினைத்து, பொறுமையாகச் சொன்னாள்: "அது உன் கைப்பா. இது தோல் கலரு."

நீட்டிய கையை மடக்கத் தோன்றவில்லை. ஆறு மாதம் மழலைப் பள்ளியில் பேசாமல் இருந்து, பிறகு ஒரே வாரத்தில் ஜெர்மன் பேச ஆரம்பித்த பிள்ளை இவள். தமிழ் நழுவிக்கொண்டிருப்பது தெரியும். இதுவும் சேர்ந்து நழுவும் என்று நினைக்கவில்லை. இத்தனைக்கும் அவளுடைய அப்பன் நிறம் கலப்பதையே படித்தவன். இன்றைக்கும் வாரம் மூன்று சாயங்காலம், பெரியவர்களுக்கான கல்விக்கூடம் ஒன்றில் ஆயில் பெயிண்டிங் சொல்லிக்கொடுப்பவன்.

ஆனால் அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது எழுபத்தாறில். சென்னையில் ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு, எண்ணெய் வண்ணத்தில் மேற்படிப்புக்கு இரண்டு வருட உதவித்தொகை கிடைத்து வந்தேன். எங்கள் குடும்பத்தில் சென்னை வரை போனவனே நான்தான். அப்பாவும் அம்மாவும் ஆரணியில் ஒரே அரிசி ஆலையில் கூலிவேலை. அப்பா உள்ளே கொப்பரையடியில் நெல் அவிப்பவர். அம்மா வெளியே களத்தில் அவித்த நெல்லைக் காய வைப்பவள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

வரும்போது மூன்று ஓவியங்களைச் சுருட்டி எடுத்துவந்திருந்தேன். அதில் ஒன்று சென்னையில் பரிசு வாங்கியது. களத்தில் அம்மா நெல்லைக் கிண்டிவிடுகிற படம்.

முதல் வாரமே ஆசிரியை லிண்ட்னர் அம்மாள் எல்லோருடைய வேலையையும் சுவரில் மாட்டச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், குட்டை முடி, கைவிரலெல்லாம் சாயம். பதினோரு மாணவர்கள் பின்னால் நிற்க, என் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"யார் இது?"

"என் அம்மா."

"உன் அம்மா ஹாலந்துக்காரரா?"

ஜெர்மன் மொழியை நான் ஐந்து மாதம்தான் படித்திருந்தேன். சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து, "இல்லை, ஆரணிக்காரர்" என்றேன். ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இந்தப் புடவையை நம்புகிறேன். இந்த நெல்லை நம்புகிறேன். வெயிலைக்கூட நம்புகிறேன். இந்தப் பெண்ணை நம்ப முடியவில்லை" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். நானே வரைந்த படத்தை, பரிசு வாங்கிய படத்தை, அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். களத்து வெயிலில் ஒரு ரோஸ் நிறப் பொம்பளை நிற்கிறாள். கன்னம் சிவந்திருக்கிறது. கை வெண்ணெய் மாதிரி இருக்கிறது. முப்பது வருடம் கல்களத்தில் நின்றவளுடைய கை!

சென்னையில் எங்களுக்குக் கிடைத்த சாயப் பெட்டியில் ஒரு குழாய் இருக்கும். அதன்மேல் 'ஃப்ளெஷ் டின்ட்' என்று போட்டிருக்கும். உடம்பென்றால் அந்தக் குழாயைப் பிதுக்குவோம். நிழலுக்குக் கொஞ்சம் பழுப்பு சேர்ப்போம். மீன்காரியோ மகாராணியோ, எங்கள் படத்தில் எல்லோருக்கும் அதே தோல். நாங்கள் பார்த்து நகலெடுத்த மேல்நாட்டுப் படங்களில் அப்படி இருந்தது. ஒருத்தர்கூட, ஒரு ஆசிரியர்கூட, இது யார் தோல் என்று கேட்டதில்லை.

"அந்தக் குழாயைத் தூக்கிப் போடு" என்றார் லிண்ட்னர் அம்மாள். "உன் அம்மா முகத்தை நினைவிலிருந்து போட்டுக் கொண்டுவா. முகம் மட்டும் போதும்."

3

இதில் என்ன கஷ்டம் என்று உட்கார்ந்தேன்.

காவி, மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று பலகையில் ஐந்து சாயத்தைப் பிதுக்கிவைத்து, தூரிகையை எடுத்து, கண்ணை மூடி அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவின் குதிகால் வெடிப்பு வந்தது. நெல்லைக் கிண்டும்போது இடுப்பு வளைகிற விதம் வந்தது. "ஏழுமல, சோறு துன்ட்டு போடா" என்கிற குரல் வந்தது. முகத்தின் நிறம் வரவில்லை.

வரவே இல்லை. ஒரு மாதத்தில் எட்டு முகம் போட்டேன். ஒன்று எதிர்வீட்டு அக்கா. ஒன்று காலண்டர் அம்மன். ஒன்றைப் பார்த்தால் சென்னை விடுதியில் சமைத்த அம்மாள். அம்மா மட்டும் எதிலும் இல்லை. சென்னைக்குப் போகும்வரை ஒரே குடிசையில் ஒன்றாக இருந்திருக்கிறேன். எந்த மனிதன் தன் தாயின் நிறத்தை மறப்பான்? மறக்கவில்லை, பார்த்ததே இல்லை என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. அவள் விடியலில் கிளம்பிப் போவாள். திரும்பி வரும்போது தலைமுடி முதல் கால்விரல் வரை தவிட்டுத் தூசி படிந்து சாம்பலாக வருவாள். குளித்துவிட்டு அடுப்பு முன்னால் உட்காருவாள். அங்கே நெருப்பு வெளிச்சம்தான். நான் அவள் கையிலிருந்த சோற்றைத்தான் பார்த்தவன்.

எங்கள் ஊரில் புடவைக்கு எத்தனை நிறப் பெயர் உண்டு! அரக்கு, மாம்பழம், மயில் கழுத்து, கிளிப்பச்சை, வெங்காயத்தோல். பக்கத்து நெசவு ஊரான முள்ளிப்பட்டிலிருந்து வந்து என்னோடு படித்தவன் ஒருவன் மூச்சு விடாமல் நாற்பது சொல்வான். மனுஷருக்கு மட்டும் மூன்றே மூன்று. சிவப்பு, மாநிறம், கருப்பு. அதோடு முடிந்தது.

தனத்துக்குக் கடிதம் போட்டேன். அவள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். 'அம்மாவை வெயிலில் நிறுத்திப் பார். என்ன நிறம், எதைப் போல இருக்கிறது என்று எழுது' என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது:

'அண்ணா, நீ எழுதினத படிச்சி காட்டினேன். அம்மா உழுந்து உழுந்து சிரிக்குது. சீமைக்குப் போயி இன்னா கேள்வி கேக்கறான் பாரு, நான் கருப்பிதான்னு எழுதுன்னு சொல்லுது. களத்துல இருக்கறவங்க எல்லாம் இத்தயே சொல்லி அம்மாவ கிண்டல் பண்ணிகினு கீறாங்க. போட்டோ புடிச்சி அனுப்பறோம்.'

தை மாதம் போட்டோ வந்தது. ஆரணியில் அப்போது கலர் போட்டோ கிடையாது. கருப்பு வெள்ளையில் எடுத்து, ஸ்டூடியோக்காரரே தூரிகையால் சாயம் பூசித் தருவார். அம்மா ஆயுளில் எடுத்த ஒரே போட்டோ அது. முகம் நிறைய பவுடர் போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அதன் மேல் ஸ்டூடியோக்காரர் தன் பங்குக்கு ரெண்டு கன்னத்திலும் ரோஸ் பூசியிருந்தார். உதட்டில் சிவப்பு.

போட்டோவை ஜன்னலோரம் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் அந்தக் குழாய் போய்விட்டிருந்தது.

4

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. தங்கும் அனுமதியை நீட்டிக்க ஒரு படிவம். அதில் அப்பா பெயர், அம்மா பெயர், இருவரும் உயிரோடு இருக்கிறார்களா என்று இரண்டு கட்டம். ரெண்டிலும் 'ஆம்' என்று குறியிட்டுக் கொடுத்தேன்.

எட்டு நாள் கழித்து தனத்தின் கடிதம் வந்தது. அம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் எழுந்து வேலைக்குப் போகக் கிளம்பியிருக்கிறாள். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். எடுத்து அடக்கம் செய்து, காரியமும் முடிந்து, அதற்குப் பிறகுதான் கடிதத்தையே தபாலில் போட்டிருக்கிறார்கள். 'நைனாதான் தந்தி வேணாம்னுச்சி. படிக்கிற புள்ளய பேஜார் பண்ணாதீங்க, அவ்ளோ தூரத்துலருந்து வந்து இன்னா பண்ணப்போறான்னு சொல்லிச்சி. கோவிச்சிக்காத அண்ணா.'

தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் 'ஆம்' என்று குறியிட்ட அன்றைக்கு அம்மா மண்ணுக்குள் போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

அழுகை வரவில்லை. எனக்கு வந்ததெல்லாம் ஒரே எண்ணம்: படிவத்தில் பொய் எழுதிவிட்டோம், திருத்த வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். வரிசையில் நின்று, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த வழுக்கைத் தலைக்காரரிடம் ஜெர்மனில் சொன்னேன். அம்மா இறந்துவிட்டார் என்று சொல்வதாக நினைத்து நான் சொன்னது: "இஷ் பின் கெஷ்டோர்பன்."

அதற்கு அர்த்தம், நான் இறந்துவிட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் கையிலிருந்த வான்கடிதத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என் படிவத்தைத் தேடி எடுத்து, 'ஆம்' கட்டத்தை அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அவர் அடித்த அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் லிண்ட்னர் அம்மாளிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. "இனி அந்தப் பாடம் வேண்டாம். பழங்கள் போடு" என்றார். ஒரு வருடம் பழங்களும் குடங்களும் போட்டேன். நன்றாகவே போட்டேன். பழத்தைப் பார்த்துப் போடலாமே.

5

இதை எழுதுகிற நடுவில் மீனாவின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். "வேண்டாங்க, புள்ளய தனியா பார்ப்பாங்க" என்று செல்வி தடுத்தாள். கேட்கவில்லை. மீனாவின் டீச்சர் சின்னப் பெண், நல்ல பெண். அந்தப் பென்சிலைக் காட்டி, இதன் பெயர் எனக்குச் சரியாகப் படவில்லை என்றேன்.

அவள் பென்சிலை வாங்கி, எழுதியிருந்ததைப் படித்தாள். "பெயர் அதுதானே?" என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோயிற்று. "நாலு வருடமாக இதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். அவள் முகத்தில் கண்டது எனக்குத் தெரிந்த திகைப்புதான். சுவர் முன்னால் பதினோரு பேர் நடுவே நான் நின்ற மாதிரி நின்றாள். கோபமாகப் போனவன் அவளுக்குக் கை கொடுத்துவிட்டு வந்தேன்.

6

படிப்பு முடிந்து, இங்கேயே வேலைக்குச் சேருவதற்கு முன்னால், எழுபத்தெட்டில் ஊருக்குப் போனேன். நினைவில் இல்லாததை ஊரில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

வீட்டில் நைனா, தனம், நைனாவின் தங்கை ரங்கநாயகி அத்தை. மூன்று பேரிடமும் கேட்டேன்.

"அண்ணி நல்ல செவப்புடா" என்றது அத்தை. "கண்ணாலத்துக்கு வந்தப்ப படவேட்டுப் பொண்ணு இவ்ளோ செவப்பான்னு ஊரே பார்த்துச்சி. களத்து வெயிலு தின்னுடுச்சி."

"அய்ய, அம்மா எங்க செவப்பு? மாநெறம். என்னவிட ஒரு மாத்து கம்மி" என்றாள் தனம்.

"உனுக்கு இன்னா தெரியும்? நீ பொறக்கறப்பவே அவ கருத்துட்டா."

"அம்மாவே கருப்பின்னுதான் சொல்லுச்சி. நான்தான லெட்டர்ல எழுதினேன்!"

ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது. நைனா மூலையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ சொல்லு நைனா. அம்மா இன்னா நெறம்?"

அத்தையும் தனமும் சத்தத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"தெரியலடா" என்றார்.

"இன்னா தெரியல?"

"நான் உள்ள ஆவிலயே கெடந்தேன். அவ வெளிய. வூட்டுக்கு வந்தா அலுப்பு. துன்னுட்டு படுத்துடுவேன். முப்பது வருசம்டா ஏழுமல... நிமுந்து அவ மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல போல கீது. அவ செத்து கெடக்கசொல்லதான் பார்த்தேன். அப்ப அது அவ நெறம் இல்ல."

தனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஒருவன்தான் குருடன் என்று நினைத்து ஜெர்மனியிலிருந்து வந்திருந்தேன்.

மறுநாள் காலையில் நைனாவை வேலைக்குப் போக விடவில்லை. அம்மாவைப் போட முடியாது என்பது முந்தின நாளே முடிவாகிவிட்டது. இவரையாவது பார்த்துவிட வேண்டும். வாசல் வெளிச்சத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்தேன்.

"வேல கெடக்குது, இது இன்னா கூத்து?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் உட்கார்ந்தார். ஐந்து நாள் காலையில் உட்கார்ந்தார்.

அந்த முகத்தில் இருந்ததையெல்லாம் என்னால் நம்ப முடியவில்லை. நெற்றியில் வெளிச்சம் பட்ட இடத்தில் நீலம் இருந்தது. கண்ணுக்குக் கீழே பச்சை மாதிரி ஒன்று. காது மடலில் வெளிச்சம் ஊடுருவிச் செங்கல் நிறம். தாடைக்கடியில், எந்தக் குழாயிலும் இல்லாத கருஞ்சிவப்பு. கருப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிற முகத்தில், கருப்பு மட்டும் எங்கேயும் இல்லை. அவசர அவசரமாகக் கலந்தேன். இடது புருவத்துக்கு மேலே, பளபளவென்று ஒரு தழும்பு இருந்தது.

"இது இன்னா நைனா? எப்ப பட்டுது?"

"கொப்பரத் தண்ணி தெறிச்சிது. நீ பொறக்கறதுக்கு முன்ன."

"எனுக்குத் தெரியாதே."

"நீ எப்ப பார்த்த?" என்றார். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். தூரிகையைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் தெருமுனையில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் முடிந்தது. அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தைக்கு ஆறவில்லை.

"சீமைல போயி படிச்சிட்டு வந்து, பெத்த அப்பன இப்பிடி கருகருன்னா போடுவ? கொஞ்சம் செவப்பு வெச்சா கொறஞ்சா பூடும்?"

நான் நைனாவைப் பார்த்தேன். அவரும் அதையே கேட்டால் என்ன செய்வது என்று பயம். கேட்டால் பூசித்தான் கொடுத்திருப்பேன், இத்தனைக்குப் பிறகும்.

நைனா எழுந்து வந்து படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியில்கூட அவர் அவ்வளவு நேரம் தன்னைப் பார்த்திருக்க மாட்டார். விரலை நீட்டி, சாயம் ஈரமென்று நான் சொல்வதற்குள், புருவத்துத் தழும்பைத் தொட்டுவிட்டார். விரல் நுனியில் ஒட்டிய நிறத்தைப் பார்த்தார்.

"இந்தத் தழும்புல அவதான் எண்ண தடவுவா" என்றார். "தெனம் தடவுவா. ஒரு மாசம்."

விரலை அவர் துடைக்கவில்லை.

"அவளுக்கு என் மூஞ்சி இப்பிடித்தான்டா தெரிஞ்சிருக்கும்" என்றார் நைனா. "அவ பார்த்துகினுதான் இருந்திருக்கா. நான்தான் பார்க்கல."

அத்தையின் பக்கம் திரும்பி, "ஒண்ணும் மாத்த வேணாம்" என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.